உதிரிப்பூவும் சரமும்: குயின் குழுவின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ (1981) – ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லூரி நாட்களில் என்னிடம் பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் ஒரே ஒரு கேசட்தான் இருந்தது, பிரபலமான பாட்டுகளைத் தொகுத்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. நாடா தேய்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன். ‘போஹிமியன் ராப்சடி’யின் கடைசி வரியை ஃப்ரெடி மெர்க்குரி மூச்சோடு மூச்சாகப் பாடி முடிப்பார். சேகண்டியை மெல்லத் தட்டியது போல ஓர் ஒலி எழுந்து அடங்கும். அது அடங்கியதும் ஜான் டீக்கனின் பேஸ் கித்தார் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’டை ஆரம்பித்துவிடும். பல வருஷம் அந்த இரண்டு பாட்டும் என் காதில் ஒட்டியே இருந்தன. அந்தச் சேகண்டி கேட்டாலே அடுத்து பேஸ் வரும் என்று கால் தானாகத் தட்டத் தொடங்கிவிடும்.

பிறகொரு நாள் ‘எ நைட் அட் தி ஆப்பெரா’ என்ற முழு ஆல்பத்தையும் கேட்டேன். அதே பாட்டு, அதே சேகண்டி. ஆனால் பேஸ் வரவில்லை. டிரம்ஸ் உருண்டது, பிரையன் மே பல கித்தார்களை அடுக்கி வாசித்த பிரிட்டிஷ் தேசிய கீதம் எழுந்தது. ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் நீடித்து, ஆல்பம் முடிந்துபோனது. ஒரு காலத்தில் பிரிட்டனில் தியேட்டரில் ஆட்டம் முடிந்ததும் தேசிய கீதம் போடுவார்கள். குயின் செய்ததும் அதுதான். ‘போஹிமியன் ராப்சடி’ ஒரு பெரிய இரவின் உச்சக்காட்சி, அதற்குப் பின்னால் திரை விழுகிறது. எனக்குத் தெரிந்த பாட்டின் அர்த்தமே அன்றைக்கு மாறியது.

பாட்டு எதுவும் மாறவில்லை. அதன் பக்கத்தில் இருந்தது மாறியது. ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்புகளால் தீவிர ராக் ரசிகர்களுக்கு நேர்கிற இழப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். விட்டுப்போன பாட்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, சேர்த்துக்கொண்ட பாட்டுகளுக்கே நேர்கிறது. சரத்திலிருந்து உதிர்த்து எடுத்த பூ வாசம் குறையாமல்தான் இருக்கும். எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்று கட்டியவர் கை செய்த வேலை மட்டும் காணாமல் போயிருக்கும்.

தொகுப்பு எப்படி உருவானது

டீக்கன் வந்து சேர்ந்து நால்வரும் ஒரு குழுவானது 1971-இல். பத்து வருஷம் ஆனதை ஒட்டி 1981 நவம்பரில் பிரிட்டனில் இந்தத் தொகுப்பு வெளியானது. அட்டைப்படத்தை எடுத்தவர் ஸ்னோடன் பிரபு. அதற்கு முன் குயின் ஒன்பது ஸ்டுடியோ ஆல்பங்கள் போட்டிருந்தது. அவற்றில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்து 17 பாட்டு எடுத்தார்கள்.

எடுத்த முறை எளிமையானது. பிரிட்டனில் சிங்கிளாக, அதாவது முன்பக்கம் ஒரு பாட்டும் பின்பக்கம் ஒரு பாட்டும் கொண்ட சிறு தட்டாக, வந்து விற்பனைப் பட்டியலில் நல்ல இடம் பிடித்ததா என்பதே கேள்வி. 1973-இல் வந்த முதல் சிங்கிள் ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ பட்டியலிலேயே ஏறவில்லை. எனவே முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. இரண்டாவது ஆல்பமான ‘குயின் II’-வில் 11 பாட்டு; எடுத்தது ஒன்று. ‘டை யுவர் மதர் டவுன்’, ‘ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்’ இரண்டும் சிங்கிளாக வந்தும் முப்பதுகளில் நின்றுவிட்டன, ஆகவே இடமில்லை. 1980-இல் வந்த ‘தி கேம்’ ஆல்பத்திலிருந்து மட்டும் நான்கு. குழு தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொண்ட 1973–74 காலத்தின் மூன்று ஆல்பங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது மூன்று.

விற்பனைப் பட்டியல் ஒரு நல்ல அளவுகோல், அது அளக்கிற விஷயத்துக்கு. எந்த வாரம் எத்தனை பேர் கடைக்குப் போய் எந்தச் சிங்கிளை வாங்கினார்கள் என்பதை அது சொல்லும். ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேடைப் பதிவு 1979-இல் பிரிட்டனில் சிங்கிளாக வந்தபோது 63-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. தென் அமெரிக்காவில் மெர்க்குரி அந்தப் பாட்டை ஆரம்பித்தால் போதும், கூட்டம் முழுக்க வாங்கிப் பாடிவிடும். 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கை வீசி நடத்துவதைப் பதிவில் காணலாம். ஒரு குழுவின் மிகச் சிறந்த பாட்டுகள் என்று பெயர் வைத்த தொகுப்பில், லட்சம் பேர் மனப்பாடமாகப் பாடும் பாட்டு இல்லை.

இது குயினுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பீட்டில்ஸின் ‘1’ என்ற தொகுப்பு 2000-இல் வந்தது. முதலிடம் பிடித்த 27 பாட்டுகள். ‘பென்னி லேன்’ இருக்கிறது. அதே சிங்கிளின் மறுபக்கமான ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இல்லை. இரண்டும் ஒரே தட்டின் இரண்டு முகங்கள். லிவர்பூல் நினைவுகளை லென்னன் ஒரு பக்கமும் மெக்கார்ட்னி ஒரு பக்கமும் சொன்னவை. கணக்கு சரியாகத்தான் போட்டார்கள். ஆனால் ஜோடி பிரிந்துவிட்டது.

ரோஜர் டெய்லர் எங்கே?

இந்த 17 பாட்டுகளையும் எழுதியவர்கள் பெயரோடு ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மெர்க்குரி 10. மே 5. டீக்கன் 2. கூட்டினால் 17 வந்துவிட்டது. டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லருக்குப் பூஜ்ஜியம்.

நால்வருமே பாட்டு எழுதிய குழு இது. ராக் உலகில் அது அடிக்கடி காணக்கிடைப்பதல்ல. டெய்லர் கிட்டத்தட்ட ஒவ்வோர் ஆல்பத்திலும் தன் பாட்டைத் தன் குரலிலேயே பாடியிருக்கிறார். கரகரப்பும் உயரமும் சேர்ந்த குரல். ‘டெனமென்ட் ஃபன்ஸ்டர்’, ‘ட்ரவுஸ்’, ‘ஐ’ம் இன் லவ் வித் மை கார்’ எல்லாம் அவருடையவை. கடைசியாகச் சொன்னது ‘போஹிமியன் ராப்சடி’ சிங்கிளின் பின்பக்கத்தில் இருந்தது. பின்பக்கப் பாட்டை எழுதியவருக்கும் முன்பக்கத்துக்குக் கிடைக்கும் அதே பங்கு போகும் என்பதால் குழுவுக்குள் அது பெரிய மனத்தாங்கலாக இருந்தது. 1989-இல் ‘தி மிராக்கிள்’ ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டுக்கும் ‘குயின்’ என்றே பெயர் போடத் தொடங்கினார்கள். அந்த முடிவுக்கு அவர்களைத் தள்ளிய பழைய கதையில் சிங்கிளாக எதை விடுவது என்ற கேள்விக்கு ஒரு பெரிய இடம் உண்டு.

இந்தத் தொகுப்பை மட்டும் கேட்டவருக்கு டெய்லர் என்றால் டிரம்ஸ் வாசிப்பவர், கோரஸில் உச்சக் குரல் எடுப்பவர், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1984-இல் வந்த ‘ரேடியோ கா கா’ அவர் எழுதியது என்று தெரிந்தபோது, திடீரென்று ஒரு டிரம்ஸ்காரர் பாட்டு எழுதிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் 1973-இலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த கேசட்டில்தான் அவர் இல்லை.

பீட்டில்ஸின் ‘சிவப்பு ஆல்பம்’ 1973-இல் வந்தபோது 26 பாட்டும் லென்னன்–மெக்கார்ட்னி எழுதியவை. ஜார்ஜ் ஹாரிசனுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு குழுவின் குடும்ப போட்டோவில் ஒருவரை வெட்டிவிட்டு மாட்டி வைப்பது போன்றது இது.

ஏழு கடல் தாண்டி வந்த சேதி

இனிச் சொல்லப்போவதுதான் இந்த ஆய்வின் நடு. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1973 ஜூலையில் வந்த முதல் ஆல்பம் ஒரு குட்டி இசைத் துண்டோடு முடிகிறது. பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. பியானோவில் ஒரு அலை போல ஓடி, ஆரம்பித்த வேகத்தில் அடங்கிவிடுகிறது. தலைப்பு ‘செவன் சீஸ் ஆஃப் ரை’. ரை என்பது மெர்க்குரி கற்பனையில் கட்டிய நாடு. பாதியில் நின்ற ஒரு வாக்கியம் போல அது நிற்கிறது.

1974 மார்ச்சில் ‘குயின் II’. இந்த ஆல்பத்தின் இரண்டு பக்கங்களுக்கும் முதல், இரண்டாவது என்று பெயரில்லை. வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம். கறுப்புப் பக்கம் முழுவதும் மெர்க்குரியுடையது. ரிச்சர்ட் டாட் வரைந்த ஓர் ஓவியத்தைப் பாட்டாக்கினார். அதிலிருந்து மூச்சு விடாமல் அடுத்த பாட்டு, அதிலிருந்து ‘தி மார்ச் ஆஃப் தி பிளாக் குயின்’ என்ற ஆறரை நிமிஷப் பெரும்பாட்டு. ‘போஹிமியன் ராப்சடி’ எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்ட வேண்டும். இத்தனையும் தாண்டிப் பக்கத்தின் கடைசியில், போன ஆல்பத்தில் பாதியில் நின்ற அதே அலை திரும்பி வருகிறது. இப்போது வார்த்தைகளோடு, முழுப் பாட்டாக. அதன் முடிவில் வாத்தியங்கள் ஓய்கிற இடத்தில், கடற்கரைக்குச் சுற்றுலா வந்த கூட்டம் போல எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய ஆங்கிலக் கடற்கரைப் பாட்டைப் பாடுகிறார்கள். குரல்கள் தேய்ந்து மறைகின்றன.

அதே வருஷம் நவம்பரில் மூன்றாவது ஆல்பம், ‘ஷியர் ஹார்ட் அட்டாக்’. முதல் பாட்டு ‘பிரைட்டன் ராக்’. பிரைட்டன் கடற்கரை ஊர். ஊசி வைத்ததும் கேட்பது திருவிழாச் சத்தம். ராட்டினம் சுற்றும் இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருவர் விசிலடித்துக்கொண்டு போகிறார். என்ன மெட்டு? போன ஆல்பத்தின் கடைசி விநாடிகளில் கூட்டம் பாடிக்கொண்டிருந்த அதே கடற்கரைப் பாட்டு. எட்டு மாதம் கழித்து, வேறொரு தட்டில், அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் இன்னும் விசிலடித்துக்கொண்டிருக்கிறார்.

அதே பக்கத்தில் இன்னும் சற்று தூரம் போனால் ‘டெனமென்ட் ஃபன்ஸ்டர்’, ‘ஃப்ளிக் ஆஃப் தி ரிஸ்ட்’, ‘லில்லி ஆஃப் தி வேலி’ என்ற மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. மூன்றாவது பாட்டில் மெர்க்குரி மெல்லிய குரலில் ஒரு சேதி சொல்கிறார்: ஏழு கடலிலிருந்து தூதன் பறந்து வந்து, ரை நாட்டு மன்னன் அரியணை இழந்தான் என்று அறிவிக்கிறான். கதை முடிந்தது.

ஆக, ஒரு பியானோத் துண்டில் தொடங்கி, ஒரு பாட்டாகி, ஒரு விசிலாக நீண்டு, ஒரு துக்கச் சேதியில் முடிகிற நூல் ஒன்று மூன்று ஆல்பங்களுக்குள் ஓடுகிறது. யாரும் இதை அட்டையில் அச்சிட்டுச் சொல்லவில்லை. வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறவர் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். கண்டுபிடித்த நாளில் அந்த ரசிகருக்குக் கிடைக்கிற சந்தோஷம் சாதாரணமானதில்லை. குழு தன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேசியது போல இருக்கும்.

தொகுப்பில் இதில் எது வந்தது? ‘செவன் சீஸ் ஆஃப் ரை’ 15-ஆவது பாட்டாக வந்தது. பிரிட்டனில் குயினின் முதல் வெற்றி அதுதான், பட்டியலில் பத்தாம் இடம். ஆகவே அதற்கு உரிமை இருந்தது. அதற்கு முன்னால் இருப்பது ‘ஃப்ளாஷ்’, 1980-இல் ஒரு விண்வெளிப் படத்துக்குப் போட்ட பாட்டு. பின்னால் இருப்பது ‘வீ வில் ராக் யூ’. கூட்டம் பாட ஆரம்பித்த கடற்கரைப் பாட்டுக்கு அடுத்து விசில் வரவில்லை, காலால் தரையை இடிக்கும் சத்தம் வருகிறது. ‘பிரைட்டன் ராக்’ இல்லை. ‘லில்லி ஆஃப் தி வேலி’ இல்லை. முதல் ஆல்பத்தின் துண்டு இல்லை. ரை என்றால் என்ன என்று கேட்கக்கூட வழியில்லாமல், கதையின் நடுப்பக்கம் மட்டும் கிழித்துக் கையில் கொடுக்கப்பட்டது.

முதலும் முடிவும் இடம் மாறின

தொகுப்பின் முதல் பாட்டு ‘போஹிமியன் ராப்சடி’. தன் சொந்த ஆல்பத்தில் அது 12-இல் 11-ஆவது. அதற்கு முந்தையது ‘குட் கம்பெனி’. அதில் பிரையன் மே ஒரு முழு ஜாஸ் பேண்டின் ஊதுகுழல்களைத் தன் கித்தாரிலேயே ஒலிக்க வைத்திருக்கிறார். அந்தச் சின்ன விளையாட்டு முடிந்து, காது இலகுவாக இருக்கும்போதுதான் ராப்சடியின் குரல்கள் எழும். தொகுப்பிலோ பிளே பட்டனை அழுத்தியதும் உச்சம். ஏறி வந்த படி எதுவும் இல்லை.

தொகுப்பு முடிவது ‘வீ வில் ராக் யூ’, ‘வீ ஆர் தி சாம்பியன்ஸ்’ என்ற ஜோடியில். இவை 1977-இல் வந்த ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ ஆல்பத்தின் ஆரம்பம். வெற்றி முழக்கத்தை முதலிலேயே வைத்துவிட்டு, அது ஓய்ந்த கணத்தில் ‘ஷியர் ஹார்ட் அட்டாக்’ என்ற வெறிபிடித்த வேகப் பாட்டை டெய்லர் அவிழ்த்துவிடுவார். (அதே பெயருள்ள 1974 ஆல்பத்துக்காக எழுதத் தொடங்கி, முடியாமல் போய், மூன்று வருஷம் கழித்து வந்த பாட்டு அது.) எளிமையும் ஆவேசமுமான பங்க் இசை பிரிட்டனை உலுக்கிக்கொண்டிருந்த வருஷத்தில், ‘இவ்வளவு பிரமாண்டம் தேவையா’ என்று கேட்டவர்களுக்குக் குயின் கொடுத்த பதிலாகவே அந்த வரிசையை நான் கேட்கிறேன். தொகுப்பில் சாம்பியன்களாக நின்று மாலை வாங்கிக்கொண்டு நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. முடிவாக இருந்தது முதலாகவும், முதலாக இருந்தது முடிவாகவும் ஆகிவிட்டன.

காலவரிசை இல்லாததால் இன்னொரு விஷயமும் புதைந்துபோனது. எழுபதுகளில் தங்கள் ஆல்பங்களில் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி இல்லை என்று குயின் உறையிலேயே அச்சிட்டது. எல்லாம் மேயின் கித்தாரும் குரல்களும் செய்தவை என்பது அவர்கள் பெருமை. 1980-இல் ‘தி கேம்’ ஆல்பத்தைப் போட்டால் கேட்கும் முதல் ஒலியே ‘பிளே தி கேம்’ பாட்டின் தொடக்கத்தில் சீறிக்கொண்டு வரும் சின்தசைசர். ஏழு வருஷம் கூடவே வந்த ரசிகருக்கு அது எத்தனை பெரிய திருப்பம் என்று யோசித்துப் பாருங்கள். தொகுப்பில் அதே சீறல் 13-ஆவது பாட்டில், 1976 ஆல்பம் ஒன்றின் பாட்டுக்கு அடுத்ததாக வருகிறது. கேட்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அதற்கு முன்பே ‘தி கேம்’ பாட்டுகள் மூன்று ஓடிவிட்டன.

வெட்டும் உண்டு. ‘ஃபேட் பாட்டம்ட் கேர்ள்ஸ்’ ஆல்பத்தில் 4 நிமிஷம் 16 விநாடி. தொகுப்பில் வந்த சிங்கிள் வடிவம் 3 நிமிஷம் 22 விநாடி. கித்தாரும் டிரம்ஸும் விட்டுவிட்டு ஓடுகிற இடங்களைத்தான் குறைத்தார்கள், ஒரு ராக் ரசிகர் காத்திருப்பதே அந்த இடங்களுக்காக. போதாததற்கு, 17 பாட்டும் சேர்ந்து 58 நிமிஷம். ஒரே எல்பியில், அதாவது ஒரே பெரிய இசைத்தட்டில், பக்கத்துக்கு 29 நிமிஷம் அடைத்தார்கள். பக்கத்துக்கு இருபது நிமிஷத்தைச் சற்றுத் தாண்டினாலே ஊசி ஓடும் வரிக்கோடுகளை நெருக்கி வெட்ட வேண்டிவரும். நெருக்கினால் ஒலியின் அளவையும் பேஸின் கனத்தையும் குறைத்தாக வேண்டும்.

வாங்கியதையே மறுபடி வாங்கியவர்கள்

குயினை விடாமல் பின்தொடர்ந்தவரிடம் இந்த 17-உம் ஏற்கெனவே இருந்தன. அவரிடம் இல்லாதது சிங்கிள்களின் பின்பக்கங்கள். ‘செவன் சீஸ்’ சிங்கிளின் மறுபக்கம் ‘சீ வாட் எ ஃபூல் ஐ’வ் பீன்’. ‘பிளே தி கேம்’ சிங்கிளின் மறுபக்கம் ‘எ ஹ்யூமன் பாடி’, அதுவும் டெய்லர் எழுதியது. இரண்டும் அப்போது எந்த ஆல்பத்திலும் இல்லை. தொகுப்பிலும் சேர்க்கவில்லை. ‘எ ஹ்யூமன் பாடி’ தன் காலத்து ஆல்பமான ‘தி கேம்’முடன் கூடுதல் பாட்டாகச் சேர்ந்தது 2011 மறுவெளியீட்டில். ஓயாசிஸ் குழு 1998-இல் ‘தி மாஸ்டர்பிளான்’ என்று பின்பக்கப் பாட்டுகளை மட்டும் தொகுத்துக் கொடுத்தது. தீவிர ரசிகரை மனதில் வைத்துச் செய்கிற தொகுப்புக்கு அதை உதாரணமாகச் சொல்வேன்.

பின்னாளில் நடந்தது இன்னும் கஷ்டமான கதை. 1997-இல் ‘குயின் ராக்ஸ்’ என்ற தொகுப்பு வந்தது. மெர்க்குரி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மற்ற மூவரும் சேர்ந்து ‘நோ ஒன் பட் யூ’ என்று புதிதாக ஒரு பாட்டைப் பதிவு செய்து அதன் கடைசியில் வைத்தார்கள். அதைக் கேட்காமல் எந்த ரசிகரால் இருக்க முடியும்? ஆனால் அந்த ஒரு பாட்டுக்காக, ஏற்கெனவே வைத்திருக்கும் பாட்டுகள் நிறைந்த முழுத் தட்டையும் வாங்க வேண்டியிருந்தது. இது இசைக் கம்பெனிகள் எங்கும் பின்பற்றும் வழக்கம். டாம் பெட்டியின் 1993 தொகுப்பில் ‘மேரி ஜேன்ஸ் லாஸ்ட் டான்ஸ்’, நிர்வாணாவின் 2002 தொகுப்பில் ‘யூ நோ யூ’ர் ரைட்’. ரசிகரின் பிரியத்தை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அந்தப் பிரியத்துக்கே விலை போடுவது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. நியாயமாகச் சொன்னால், ‘குயின் ராக்ஸ்’ தொகுப்பில் ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’, ‘டை யுவர் மதர் டவுன்’, ‘ஐ’ம் இன் லவ் வித் மை கார்’ மூன்றும் இடம் பெற்றன. 1981-இன் சில காயங்களுக்கு அது மருந்து.

அமெரிக்க ரசிகர்களின் நிலை வேறு. அங்கே 1981-இல் வந்தது 14 பாட்டுகள் கொண்ட வேறு தொகுப்பு; ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ அதில் உண்டு, டேவிட் போவியோடு சேர்ந்து பாடிய ‘அண்டர் பிரஷர்’ உண்டு. 1992-இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் காருக்குள் உட்கார்ந்து நண்பர்கள் ராப்சடி பாடும் காட்சி அந்தப் பாட்டை அங்கே இரண்டாம் இடத்துக்குத் தூக்கியது. அதை ஒட்டி இரண்டு புதுத் தொகுப்புகள் வந்தன. ‘கிளாசிக் குயின்’ என்பதில் ராப்சடியை வைத்துவிட்டதால், அதே வருஷம் சிவப்பு அட்டையில் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பில் ராப்சடி இல்லை. குயினின் மிகச் சிறந்த பாட்டுகள் என்ற தலைப்பை நம்பி வாங்கியவர் வீட்டுக்கு வந்து தேடியிருப்பார்.

தொகுப்பின் பக்கம் உள்ள நியாயம்

பிரிட்டனில் இதைவிட அதிகம் விற்ற ஆல்பம் கிடையாது. 2022-இல் அங்கே 70 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஆல்பம் இதுதான். அந்த வீடுகளிலெல்லாம் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்டு குயினுக்குள் போயிருக்கும். நானும் அப்படிப் போனவன். அந்தக் கடனை மறுக்க மாட்டேன்.

வரிசை அமைத்தவர் அக்கறையோடு செய்த ஓர் இடமும் உண்டு. ‘ஃபேட் பாட்டம்ட் கேர்ள்ஸ்’, ‘பைசைக்கிள் ரேஸ்’ இரண்டும் 1978-இல் ஒரே சிங்கிளின் இரு முன்பக்கங்கள். ஒவ்வொரு பாட்டின் வரியிலும் மற்றது எட்டிப் பார்க்கும். ‘ஜாஸ்’ ஆல்பத்தில் இவற்றைப் பிரித்து இடையில் இன்னொரு பாட்டை வைத்திருந்தார்கள். தொகுப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கே மட்டும் தொகுப்பு ஆல்பத்தைவிட நன்றாகக் கட்டியிருக்கிறது.

நம் ஊரில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறை நான். பத்துப் படத்திலிருந்து பதினெட்டுப் பாட்டு. எதுவும் குறைந்ததாகத் தோன்றியதே இல்லை. சினிமாப் பாட்டுக்குப் பின்னால் படம் நிற்கிறது, அதை எப்போதாவது பார்த்திருப்போம். பாட்டைத் தனியாகக் கேட்டாலும் காட்சி மனதில் ஓடும். அந்தப் பழக்கத்தோடுதான் குயினையும் கேட்டேன். ராக்கில் ஆல்பமே படம் என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆனது.

அதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்ட குழுக்கள் உண்டு. லெட் செப்பலின் ஓடிய நாள் முழுக்க ஒரு தொகுப்பும் போடவில்லை. 1990-இல் வந்தது, குழு கலைந்து பத்து வருஷம் ஆன பிறகு. ஏசி/டிசி வழக்கமான ஹிட்ஸ் தொகுப்பைப் போட்டதே இல்லை. பிங்க் ஃப்ளாய்ட் 2001-இல் ‘எக்கோஸ்’ தொகுத்தபோது பாட்டுகளுக்கு நடுவே ஒன்றை மற்றொன்றில் கரைத்து, புதிதாகவே ஒரு சரம் கட்டிப் பார்த்தார்கள். சில நீண்ட பாட்டுகளைச் சுருக்கியது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

போன வருஷம் அக்கா மகன் என் வீட்டில் தங்கியிருந்தான். போனில் குயின் கேட்டுக்கொண்டிருந்தான், அதே 17 பாட்டு. “இதுல எது பிடிக்கும்டா?” என்று கேட்டேன். “செவன் சீஸ் மாமா. ஆனா சட்டுன்னு முடிஞ்சிடுது” என்றான். ‘குயின் II’ எல்பியின் கறுப்புப் பக்கத்தைப் போட்டேன். இருவரும் பேசாமல் கடைசிவரை கேட்டோம். கூட்டத்தின் குரல் தேய்ந்து ஊசி நடுவட்டத்துக்குப் போனதும், அவனிடம் எதுவும் சொல்லாமல் தட்டை மாற்றி ‘ஷியர் ஹார்ட் அட்டாக்’கின் முதல் பக்கத்தில் ஊசியை வைத்தேன். ராட்டினச் சத்தம் வந்தது. விசில் வந்தது.

“மாமா, இரு இரு. இது இப்போ பாடுனதுதானே?”

மறுபடியும் முதல் தட்டைப் போடச் சொன்னான்.